ஃபௌஸ்டோ பெர்டினோட்டி: அரசைக் கவிழ்த்தவரா, கட்சியைக் கரைத்தவரா?

கேள்வி இதுதான்: 1998-ல் இத்தாலியப் பிரதமர் ரொமானோ புரோடியின் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்ததற்கு கம்யூனிஸ்ட் தலைவர் ஃபௌஸ்டோ பெர்டினோட்டிதான் காரணம், அன்றைக்கே இத்தாலிய இடதுசாரிகளின் கதை முடிந்துவிட்டது என்று சொல்கிறார்களே, சரியா? அவர் எங்கிருந்து வந்தவர், கடைசியில் என்ன ஆனார்?

முதல் பாதி ஓரளவு சரி. இரண்டாவது பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1998-க்குப் பிறகும் அவர் கட்சி பத்தாண்டுகள் உயிரோடுதான் இருந்தது, நடுவில் நன்றாகவே தேறியும் வந்தது. அதை முடித்துவைத்தது 2006-லிருந்து 2008 வரையான காலம். அந்த இரண்டு வருடமும் பெர்டினோட்டி யாருடைய அரசையும் கவிழ்க்கவில்லை. சபாநாயகர் நாற்காலியில் கண்ணியமாக உட்கார்ந்திருந்தார். இது எப்படி நடந்தது என்று புரிய வேண்டுமென்றால் அவரைக் கட்சித் தலைவராகப் பார்ப்பதற்கு முன்னால் தொழிற்சங்கக்காரராகப் பார்க்க வேண்டும்.

1940-ல் மிலானில் பிறந்தவர். அப்பா ரயில்வேத் தொழிலாளி. 1964-ல் இத்தாலியின் மிகப் பெரிய தொழிற்சங்கமான சிஜிஐஎல்-லில் முழுநேர ஊழியராகச் சேர்ந்து, வடக்கே நொவாரா பகுதியில் ஜவுளி ஆலைத் தொழிலாளர்களிடையே வேலையைத் தொடங்கினார். அப்போது அவர் கம்யூனிஸ்ட்கூட இல்லை. முதலில் சோஷலிஸ்ட் கட்சி, பிறகு அதிலிருந்து பிரிந்த இடதுசாரிக் குழு, அந்தக் குழு கலைந்ததும் 1972-ல்தான் கம்யூனிஸ்ட் கட்சி. அங்கேயும் பியட்ரோ இங்ராவோவை ஒட்டிய இடதுபக்க அணி. எந்தக் கட்சியில் இருந்தாலும் அதன் சிறுபான்மையில் இருப்பது அவருக்கு வழக்கமாகவே ஆகிவிட்டது.

1975-லிருந்து பத்தாண்டுகள் பியட்மாண்ட் மாநிலத்துக்கு சிஜிஐஎல்-லின் செயலாளர். பியட்மாண்ட் என்றால் டூரின், டூரின் என்றால் ஃபியட். 1980 செப்டம்பரில் ஃபியட் நிர்வாகம் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு நீக்கப் போவதாக அறிவித்தது. தொழிலாளர்கள் மிராஃபியோரி ஆலை வாசல்களை மறித்தார்கள். கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் என்ரிகோ பெர்லிங்குவரே வாசலுக்கு வந்து பேசினார். 35 நாள் நடந்தது அந்தப் போராட்டம். அக்டோபர் 14 அன்று ஃபியட்டின் மேஸ்திரிகளும் அலுவலக ஊழியர்களும், ‘எங்களை வேலைக்குப் போக விடுங்கள்’ என்று டூரின் தெருக்களில் பெரிய ஊர்வலம் போனார்கள். ‘நாற்பதாயிரம் பேர் ஊர்வலம்’ என்று இத்தாலிய வரலாற்றில் அதற்குப் பெயர். சங்கத் தலைமை உடனே இறங்கிவந்து கையெழுத்துப் போட்டது. பணிநீக்கம் என்ற வார்த்தை போய், சுமார் 23 ஆயிரம் பேர் அரசு தரும் பகுதிச் சம்பளத்தோடு லே-ஆஃபில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஏராளமானோர் திரும்பி வரவே இல்லை.

இத்தாலியத் தொழிற்சங்கங்களின் முதுகு அங்கேதான் முறிந்தது. அந்தத் தோல்வியை வெகு அருகிலிருந்து பார்த்தவர் பெர்டினோட்டி. அடுத்து பஞ்சப்படி. விலைவாசிக்கு ஏற்பச் சம்பளம் தானாக உயரும் ஏற்பாடு இத்தாலியில் இருந்தது. 1984-ல் சோஷலிஸ்ட் பிரதமர் கிராக்சி ஓர் அவசரச் சட்டத்தால் அதை வெட்டினார். அடுத்த ஆண்டு பொதுவாக்கெடுப்பில் மக்களும் அதற்குச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். 1992 ஜூலை 31-ல் அது முழுக்கவே ஒழிக்கப்பட்டது. சிஜிஐஎல் பொதுச்செயலாளர் புரூனோ ட்ரென்டின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உடனே ராஜினாமா கடிதமும் கொடுத்தார் என்றால் அது எவ்வளவு கசப்பான கையெழுத்து என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது சங்கத்துக்குள் எதிர்ப்பு அணியை நடத்திக்கொண்டிருந்தவர் பெர்டினோட்டி. விட்டுக்கொடுத்தால் எதிரி அத்தோடு நிற்க மாட்டான், அடுத்ததையும் கேட்பான் என்பது அவர் இந்தப் பன்னிரண்டு வருடங்களில் படித்த பாடம். பாடம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆலை வாசலில் படித்ததை நாடாளுமன்றத்திலும் அப்படியே பயன்படுத்தினார், சிக்கல் அங்கேதான் வந்தது.

இதற்கிடையில் 1991 பிப்ரவரியில் ரிமினி மாநாட்டில் இத்தாலிய கம்யூனிஸ்ட் கட்சி தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. பெரும்பான்மையினர் ‘இடது ஜனநாயகக் கட்சி’ என்று புதுப் பெயரில் தொடர்ந்தார்கள். சுத்தியல் அரிவாளை விட மனமில்லாதவர்கள் ‘ரிஃபோண்டசியோனே கொமுனிஸ்டா’, அதாவது கம்யூனிஸ்ட் மறுநிர்மாணக் கட்சியைத் தொடங்கினார்கள். பலர் நினைப்பதுபோல பெர்டினோட்டி அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் அல்ல. கலைப்பை எதிர்த்தாலும் 1993 வரை புதுக் கட்சியிலேயே இருந்தார். அப்புறம்தான் வெளியேறி ரிஃபோண்டசியோனேயில் சேர்ந்தார். சேர்ந்து சில மாதங்கள்தான், 1994 ஜனவரியில் அதன் செயலாளர் ஆகிவிட்டார்!

கட்சியின் அமைப்பு முழுக்கப் பழைய சோவியத் ஆதரவாளரான ஆர்மாண்டோ கொசுட்டாவின் கையில் இருந்தது. அவர்தான் கட்சித் தலைவர். கொசுட்டாவிடம் ஆட்கள் இருந்தார்கள், பேச ஆள் இல்லை. பெர்டினோட்டிக்குப் பேச்சுதான் சொத்து. ‘ர’வை மழலையாக உச்சரிக்கும் குரல், கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, நல்ல தையலில் ஒரு கோட்டு, முழு வாக்கியங்களில் பேசும் பழக்கம். தொலைக்காட்சி விவாதங்களுக்கு இப்படி ஒரு கம்யூனிஸ்ட் கிடைத்தால் விடுவார்களா? காஷ்மீர் கம்பளி ஸ்வெட்டர் போடும் கம்யூனிஸ்ட் என்ற கிண்டல் அவரோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டது. அந்தக் கிண்டலை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தொழிலாளியின் தலைவன் கிழிந்த சட்டைதான் போட வேண்டும் என்பது தொழிலாளி சொன்னதல்ல. ஆனால் ஸ்டுடியோவில் எவ்வளவு நேரம், ஆலை வாசலில் எவ்வளவு நேரம் என்ற கேள்வி பின்னால் வந்தபோது, அதைத் தள்ளிவிட முடியவில்லை.

சரி, 1996-க்கு வருவோம். அப்போதைய தேர்தல் முறையில் முக்கால்வாசி இடங்கள் ஒற்றை உறுப்பினர் தொகுதிகள். புரோடியின் மத்திய-இடது ‘ஆலிவ் மர’க் கூட்டணியும் ரிஃபோண்டசியோனேயும் கூட்டணி சேரவில்லை; ஒருவர் நிற்கும் தொகுதியில் மற்றவர் நிற்பதில்லை என்று தொகுதி உடன்பாடு மட்டும் செய்துகொண்டார்கள். பொதுவான வேலைத்திட்டம் எதுவும் கிடையாது. ரிஃபோண்டசியோனே 8.6 சதவீதம் வாங்கியது, அதன் வரலாற்றில் அதுவே உச்சம். 630 பேர் கொண்ட கீழவையில் அவர்களுக்கு 35 பேர். அந்த 35 இல்லாமல் புரோடிக்குப் பெரும்பான்மை இல்லை. அமைச்சரவையில் சேராமல் வெளியிலிருந்து ஆதரவு. இந்திய அரசியலைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் ஆயுளைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

புரோடி அரசுக்கு ஒரே குறி, யூரோ என்ற ஐரோப்பியப் பொது நாணயத்தில் சேருவது. பட்ஜெட் பற்றாக்குறையை மொத்த உற்பத்தியில் 3 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டும். அதற்குப் புது வரி, ஓய்வூதியத்தில் வெட்டு, செலவுக் குறைப்பு. பெர்டினோட்டி ஒவ்வொரு பட்ஜெட்டிலும் பேரம் பேசினார். 1997 அக்டோபரில் பேரம் முறிந்து, புரோடி ராஜினாமாவே செய்துவிட்டார். ஆனால் கட்சித் தொண்டர்களே கொதித்தார்கள்: நம்முடைய ஓட்டால் வந்த அரசை நாமே கவிழ்ப்பதா? சில நாட்களில் சமரசம். பிரான்ஸில் ஜோஸ்பானின் சோஷலிஸ்ட் அரசு வாரத்துக்கு 35 மணி நேர வேலை என்று அறிவித்திருந்த நேரம் அது. இத்தாலியிலும் அதற்குச் சட்டம் கொண்டுவருவதாக புரோடி ஒப்புக்கொண்டார். கையில் கிடைத்தது ஒரு வாக்குறுதி. 1998 மே மாதம் இத்தாலி யூரோவில் சேருவது உறுதியானது. 35 மணி நேரம் சட்டமாகவே இல்லை.

தொழிற்சங்கப் பேச்சுவார்த்தையில் இருப்பவனுக்கு ஒரே ஆயுதம், ‘முடியாது’ என்று சொல்லி எழுந்துபோகும் உரிமை. யூரோவில் சேரும்வரை அந்த ஆயுதத்துக்கு மதிப்பு இருந்தது. சேர்ந்த பிறகு இல்லை என்று பெர்டினோட்டி கணக்குப் போட்டார். இனி இந்த அரசு நமக்கு எதையும் தராது, நாம் அதற்குத் தேவையும் இல்லை. 1998 அக்டோபரில் கட்சியின் மத்தியக் குழுவில் ஆதரவை விலக்கத் தீர்மானம் கொண்டுவந்து ஜெயித்தார். கொசுட்டா தலைவர் பதவியை விட்டு விலகினார். பல ஆண்டுகள் கட்டிய அமைப்பு ஒரே வாரத்தில் இரண்டாகப் பிளந்தது.

இங்கேதான் அந்த ஒரு ஓட்டுக் கதையில் பலரும் கவனிக்காத விஷயம் இருக்கிறது. கட்சிக் குழுவில் பெர்டினோட்டி ஜெயித்தாலும், நாடாளுமன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் கொசுட்டாவோடு போய் புரோடிக்கு ஆதரவாகத்தான் ஓட்டுப் போட்டார்கள். அக்டோபர் 9 அன்று ஓட்டு எண்ணிக்கை 312-க்கு 313. அந்தக் கடைசி ஒற்றை ஓட்டு எந்தக் கம்யூனிஸ்டுடையதும் அல்ல. முன்னாள் பிரதமர் லம்பெர்டோ டினியின் மிதவாதக் கட்சியிலிருந்து ஒருவர் தன் அணியை மீறி எதிர்த்து ஓட்டுப் போட்டார். அதாவது கொசுட்டாவின் ஆட்கள் அரசைக் காப்பாற்றியே இருக்கலாம், மிதவாதி ஒருவர் கை மாறாமல் இருந்திருந்தால். ஆனால் இத்தாலிய மக்கள் நினைவில் அந்த மிதவாதியின் பெயர் இல்லை, பெர்டினோட்டியின் பெயர்தான் இருக்கிறது. நியாயமும்தான். அவர் விலகாமல் இருந்தால் ஒரு ஓட்டுக்குக் கெஞ்ச வேண்டிய நிலையே வந்திருக்காது.

அதனால் யாருக்கு லாபம்? பன்னிரண்டு நாளில் மஸ்ஸிமோ டலேமா பிரதமர் ஆனார், அந்தப் பதவிக்கு வந்த முதல் முன்னாள் கம்யூனிஸ்ட். கொசுட்டாவின் புதுக் கட்சியும் அந்த அரசில் சேர்ந்தது. 1999 மார்ச்சில் நேட்டோ யுகோஸ்லாவியா மீது குண்டு வீசியபோது இத்தாலிய விமானங்களும் பங்கெடுத்தன. ஒரு முன்னாள் கம்யூனிஸ்ட் பிரதமராக இருந்து நடத்திய போர்! பெர்டினோட்டி, ‘பார்த்தீர்களா, நான் சொன்னேனே’ என்றார். இடதுசாரி என்பது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று நிர்வகிக்கிற இடது, மற்றொன்று எதிர்க்கிற இடது, இரண்டும் ஒட்டாது என்பது அவருடைய நிலைப்பாடாக இருந்தது. ஆனால் வாக்காளர்கள் மசியவில்லை. 1999 ஐரோப்பியத் தேர்தலில் 4.3 சதவீதம், மூன்று வருடத்தில் பாதியாகக் குறைந்துவிட்டது. 2001-ல் வலதுசாரித் தலைவர் பெர்லுஸ்கோனி வென்றபோது 5 சதவீதம்.

கதை 1998-லேயே முடிந்தது என்பவர்கள் இதற்குப் பிறகான ஐந்து வருடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2001 ஜூலையில் ஜெனோவாவில் ஜி-8 மாநாடு. உலகமயமாக்கலை எதிர்த்து லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். 20-ந் தேதி ஓர் இளைஞர் போலீஸ் குண்டுக்குப் பலியானார். மறுநாள் இரவு ஒரு பள்ளியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது போலீஸ் நடத்திய தாக்குதல் பின்னாளில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனது. முன்னாள் கம்யூனிஸ்டுகளின் பெரிய இடதுசாரிக் கட்சி தயங்கிப் பின்வாங்கியபோது, ரிஃபோண்டசியோனே அந்த ஊர்வலங்களுக்குள்ளேயே இருந்தது. அடுத்த ஆண்டு ஃபுளோரன்ஸில் அதே இயக்கங்கள் கூடிய ஐரோப்பிய சமூக மன்றம், அப்புறம் ஈராக் போர் எதிர்ப்பு. ஸ்டாலினியத்தை வெளிப்படையாகக் கைகழுவி, அகிம்சையைக் கட்சியின் கொள்கையாகப் பேச ஆரம்பித்தார் பெர்டினோட்டி. பழைய தோழர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அவருடைய வாழ்க்கையிலேயே பிடித்த பகுதி இதுதான். அறுபது வயதைத் தாண்டிய ஒரு தொழிற்சங்கக்காரர், இருபது வயதுப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுத் தன் கட்சியின் பேச்சையே மாற்ற முயன்றார்.

எல்லாம் பலிக்கவில்லை. சிறு நிறுவனத் தொழிலாளர்களுக்கும் காரணமில்லாப் பணிநீக்கத்திலிருந்து பாதுகாப்பு கேட்டு 2003-ல் அவர் முன்னின்று நடத்திய பொதுவாக்கெடுப்பில் நாலில் ஒருவர்தான் ஓட்டுப் போட வந்தார்கள். பாதிப் பேராவது வந்தால்தான் செல்லும். ஆனால் 2004 மே மாதம் ரோமில் ஐரோப்பிய இடது கட்சி தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் அவர்தான். 2005-ல் நிக்கி வெண்டோலா, தன்பாலின ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன ஒரு கம்யூனிஸ்ட், தெற்கே புலியா மாநிலத்தின் தலைவராக வென்றார். அதே ஆண்டு அக்டோபரில், பிரதமர் வேட்பாளர் யார் என்று மத்திய-இடது கூட்டணி மக்களையே கேட்டது. நாற்பது லட்சத்துக்கும் மேல் ஓட்டுப் போட்டார்கள். புரோடிக்கு 74 சதவீதம், இரண்டாவதாக வந்த பெர்டினோட்டிக்கு கிட்டத்தட்ட 15. ஏழு வருடத்துக்கு முன் கவிழ்த்தவரும் கவிழ்ந்தவரும் ஒரே மேடையில்.

2006 ஏப்ரலில் அந்தக் கூட்டணி வென்றது, கீழவையில் வித்தியாசம் வெறும் இருபத்தைந்தாயிரம் ஓட்டு அளவில். மேலவையிலோ ஓரிரண்டு பேர்தான் கூடுதல். ரிஃபோண்டசியோனேக்குக் கீழவையில் 41 பேர், மேலவையில் 27. பெர்டினோட்டி என்ன கேட்டார்? கீழவை சபாநாயகர் பதவி. டலேமாவுக்கும் அதில் கண் இருந்தது, விட்டுக்கொடுத்தார். ஏப்ரல் 29 அன்று நான்காவது சுற்றில் 337 ஓட்டில் பெர்டினோட்டி தேர்ந்தெடுக்கப்பட்டார். முதல் உரையிலேயே அந்த வெற்றியை நாட்டின் ஆண், பெண் தொழிலாளர்களுக்குச் சமர்ப்பித்தார்.

சபாநாயகர் என்றால் நடுநிலை. கட்சிச் செயலாளர் பதவியை ஃபிராங்கோ ஜோர்டானோவிடம் கொடுத்தாயிற்று. ஜூன் 2 குடியரசு தின ராணுவ அணிவகுப்பில், கோட்டில் சமாதானச் சின்னத்தைக் குத்திக்கொண்டு மேடையில் நின்றார். போர் எதிர்ப்பாளர்களுக்கு ஏன் அங்கே போனார் என்ற கோபம், வலதுசாரிகளுக்கு அந்தச் சின்னம் எதற்கு என்ற கோபம். அடுத்த இரண்டு வருடமும் இப்படியேதான். ஆப்கானிஸ்தானில் இத்தாலியப் படை நீடிக்கக் கட்சி ஓட்டுப் போட்டது. விசென்சாவில் அமெரிக்க ராணுவத் தளத்தை விரிவாக்க அரசு சம்மதித்தது. அதை எதிர்த்து ஊர்வலம் போனவர்களில் கட்சித் தொண்டர்களே ஏராளம். 2007 பிப்ரவரியில் அரசின் வெளியுறவுக் கொள்கைத் தீர்மானம் மேலவையில் இரண்டு ஓட்டில் தோற்றது. ஓட்டுப் போடாமல் ஒதுங்கிய ரிஃபோண்டசியோனே உறுப்பினர் ஃபிராங்கோ டுரிலியாட்டோவைக் கட்சி வெளியேற்றியது. 1998-ல் தலைமை எதைச் செய்ததோ அதையே சின்ன அளவில் செய்ததற்காக!

ஏன் இவ்வளவு பணிந்து போனார்கள்? இன்னொரு 1998 வந்துவிடக் கூடாது என்ற பயம். ‘புரோடியைக் கவிழ்த்து பெர்லுஸ்கோனியைக் கொண்டுவந்தவர்கள்’ என்ற பட்டம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது. விலகவே மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு அவர்களிடம் யார் பேரம் பேசப் போகிறார்கள்? ஓய்வூதியத்திலும் தற்காலிக வேலைச் சட்டத்திலும் கேட்டது கிடைக்கவில்லை. 2007 அக்டோபர் 20 அன்று, அரசில் பங்குள்ள கட்சிகளின் தொண்டர்களே ரோமில் பெரிய ஊர்வலம் போய் அரசிடம் கோரிக்கை வைத்தார்கள். டிசம்பரில் பெர்டினோட்டியே பொறுமை இழந்து, ஒரு பழைய இலக்கியக் கேலியை எடுத்து புரோடியைச் ‘சாகக் கிடக்கும் மகாகவி’ என்று பேட்டியில் கிண்டலடித்தார். சபாநாயகர் பேசுகிற பேச்சா அது? பேசாமல் இருந்திருக்கலாம், அல்லது பதவியை விட்டு இறங்கிப் பேசியிருக்கலாம்.

கடைசியில் 2008 ஜனவரி 24 அன்று அரசைக் கவிழ்த்தது கம்யூனிஸ்டுகள் இல்லை. நீதி அமைச்சராக இருந்து விலகிய கிளெமெண்டே மஸ்டெல்லாவின் சின்னஞ்சிறு மையவாதக் கட்சி ஆதரவை விலக்க, மேலவையில் 156-க்கு 161 என்று தோற்றது. ரிஃபோண்டசியோனே கடைசி நிமிடம்வரை புரோடியோடு நின்றது. யாரும் அதற்காக ஒரு ஓட்டும் போடவில்லை.

ஏப்ரல் தேர்தலில் ரிஃபோண்டசியோனே, கொசுட்டாவின் பழைய கட்சி, பசுமைக் கட்சி, இன்னொரு இடதுசாரிக் குழு ஆகிய நான்கும் ‘வானவில் இடது’ என்று ஒரே பட்டியலில் நின்றன. சின்னத்தில் சுத்தியல் அரிவாள் இல்லை. பிரதமர் வேட்பாளர் பெர்டினோட்டி. எதிரே வால்டர் வெல்ட்ரோனியின் புதிய ஜனநாயகக் கட்சி, பெர்லுஸ்கோனியைத் தடுக்க வேண்டுமானால் ஓட்டை வீணாக்காதீர்கள் என்று இவர்களுடைய ஓட்டையே குறிவைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் முதல் மூன்று கட்சிகளும் தனித்தனியாக வாங்கியதைக் கூட்டினால் பத்து சதவீதம். இப்போது நான்கும் சேர்ந்து 3.1. கீழவைக்குள் நுழைய 4 சதவீதம் வேண்டும். ஒரு இடமும் இல்லை, இரு அவையிலும். போருக்குப் பிந்தைய இத்தாலியில் கம்யூனிஸ்ட் என்ற பெயரோடு ஒருவர்கூட இல்லாத முதல் நாடாளுமன்றம் அது. வடக்கே பல தொழில் நகரங்களில் தொழிலாளர் ஓட்டு வலதுசாரிக் கட்சியான வடக்கு லீக் பக்கம் போயிருந்தது. பெர்டினோட்டி தன் வேலையைத் தொடங்கிய பகுதிகளும் அதற்கு விலக்கல்ல. அன்றிரவே தோல்விக்குப் பொறுப்பேற்று, தலைமைப் பொறுப்பிலிருந்து விலகுவதாகச் சொல்லிவிட்டார்.

ஆகவே கேள்வி கேட்டவருக்கு என் கணிப்பு: 1998 முடிவு அவசரமானது; கட்சியில் பாதியை இழந்து, எதையும் பெறாமல் வெளியே வந்தார். ஆனால் எதற்காக வெளியே வந்தார் என்பது தொழிலாளிக்குப் புரியும்படியாவது இருந்தது. 2006-ல் உள்ளே போனது எதற்கு என்பதை அந்தக் கட்சியால் கடைசிவரை விளக்க முடியவில்லை. ஆதரவை விலக்குவதற்கும் பதவியில் ஒட்டிக்கொள்வதற்கும் நடுவில் ஒரு வழி இருந்தது: முன்கூட்டியே நாலைந்து கோரிக்கைகளை எழுதி வாங்கிக்கொண்டு, அமைச்சர் பதவியும் சபாநாயகர் பதவியும் வேண்டாம் என்று ஆதரவு தருவது. போர்த்துகலில் 2015-லிருந்து சில ஆண்டுகள் கம்யூனிஸ்டுகளும் இடது அணியும் சோஷலிஸ்ட் அரசுக்கு அப்படித்தான் ஆதரவு தந்தார்கள். அங்கேயும் பின்னால் ஓட்டு குறைந்தது என்பது வேறு விஷயம், நாடாளுமன்றத்திலிருந்தே துடைக்கப்படவில்லை.

2008 ஜூலையில் கியாஞ்சானோ மாநாட்டில் பெர்டினோட்டியின் ஆதரவு பெற்ற வெண்டோலா தோற்று, புரோடி அரசில் அமைச்சராக இருந்த பாவ்லோ ஃபெர்ரெரோ செயலாளர் ஆனார். அடுத்த ஜனவரியில் வெண்டோலாவும் ஆட்களோடு வெளியேறினார். அதற்குப் பிறகு நடந்த எந்தப் பொதுத்தேர்தலிலும் ரிஃபோண்டசியோனே நின்ற பட்டியல் ஒரு இடமும் ஜெயிக்கவில்லை.